பக்கம் திருப்புகிறவள்

என்னைப் பக்கம் திருப்பச் சொன்னார்கள்.

சொன்னவர் எங்கள் முதலாளி. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் இருந்த அவருடைய பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் நான் வேலை பார்த்தேன். ஏற்றுமதிக்கு அளவு வைத்த கோட்டா முறை போய் ஆர்டர்கள் வந்து குவியத் தொடங்கியிருந்த காலம். அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். மற்ற நாட்களில் நான் நின்றுகொண்டுதான் பேசுவேன்.

"அம்மிணி, சர்ச்சுக் கச்சேரிக்கு ஜெர்மனியில இருந்து ஒரு அம்மா வர்றாங்களாம். அங்க பெரிய பேருங்களாம். ஆர்கன் அவங்கதான் வாசிக்கறாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து பக்கத்தைத் திருப்பி உட்டாப் போதுமுங்க. உங்களாட்ட நோட்ஸ் படிக்கறவங்க நம்மூர்ல வேற ஆருங்க இருக்கறாங்க?"

கச்சேரிக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்காக மூன்று மாதமாக வாசித்துக்கொண்டிருந்தவள் நான். "சரிங்க சார்" என்றேன். டீயையும் குடித்து முடித்தேன். இத்தனை வருடம் கழித்தும் என் மேலேயே எனக்குக் கோபம் வருவது அந்த டீயைக் குடித்ததற்காகத்தான்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். நான் பள்ளி முடித்த வருடம் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தோம். அப்பா கட்டிங் மாஸ்டர். ஊரில் மிஷன் பள்ளியில் பியானோ கற்றிருந்தேன். இங்கே வந்தபின் சனிக்கிழமைதோறும் கோயம்புத்தூருக்கு பஸ் பிடித்துப் போய் பியானோ மேல்நிலைத் தேர்வுகளையும் எழுதி முடித்தேன். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பது நான்தான். முதலில் ஒரு கீபோர்டு இருந்தது. பிறகுதான் அந்த ஆர்கன் வந்தது.

எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் தருகிற ஒரு வெளிநாட்டுப் பையருடைய ஊரில் சின்ன தேவாலயம் ஒன்றை மூடிவிட்டார்கள். அதிலிருந்த குழல் ஆர்கனை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, முதலாளி அதைக் கேட்டு வாங்கி, கன்டெய்னரில் வரவழைத்து எங்கள் சபைக்குக் கொடுத்தார். அவர் சர்ச்சுக்கு வருகிறவர் இல்லை. ஆனால் அவரிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் சபை. பெரிய ஆர்கன் இல்லை. இரண்டு பீரோவை அடுத்தடுத்து நிறுத்திய அளவு இருக்கும். கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு ஒரு வரிசை, உள்ளே காற்றை ஊதித் தள்ள ஒரு மோட்டார். பெட்டி பெட்டியாக வந்ததை, கம்பெனியின் நிட்டிங் மெஷின் ஃபிட்டரும் நானும் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினோம்.

அதன் நோய்கள் எல்லாம் எனக்குத் தெரியும். திருப்பூர்க் காற்றில் பஞ்சு மிதக்கும்; அது குழல்களின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஓவிய பிரஷ்ஷால் ஒவ்வொரு குழலாகத் துடைப்பேன். வெயில் ஏற ஏற சுருதியும் ஏறும். காலையில் ஒரு சுருதி, மத்தியானம் வேறொன்று. கால்வரிசையில் 'டி' கட்டையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மிதித்தால் மேலே எழாது. கால் நுனியைக் கீழே விட்டுத் தூக்கிவிடும்வரை அந்த அடிச்சுரம் கத்திக்கொண்டே இருக்கும். புது ஸ்பிரிங் வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சபைக் கமிட்டியிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

கம்பெனிக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தபோது, அந்த ஆர்கனுக்கென்றே ஒரு இசை எழுதச் சொல்லலாம் என்று யோசனை சொன்னது அதே பையர்தான். கான்செர்ட்டோ என்பார்கள், ஒரு தனிக் கருவியும் ஒரு வாத்தியக் குழுவும் எதிரெதிராக நின்று பேசிக்கொள்வது போன்ற வடிவம். எழுத வந்தவர் சென்னையில் பிறந்து வெளிநாட்டில் குடியேறியவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். பதினான்கு வயலின், வயோலா, செல்லோக்காரர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடைசி வாரம் வருவதாக ஏற்பாடு. அதுவரை அவர் எழுத எழுத வாசித்துக் காட்ட ஒருத்தி வேண்டியிருந்தது.

காலை ஆறு மணிக்கு நான் சர்ச்சைத் திறப்பேன். எட்டு மணிவரை வாசிப்பேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடுவேன். அவர் ஆர்கனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். அழிப்பார், திருத்துவார், மறுபடி வாசிக்கச் சொல்வார்.

அவர் கெட்டிக்காரர். அதை நான் மறைக்கப்போவதில்லை. முதல் பகுதியில் வயலின்கள் எல்லாம் வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டும். ஆர்கன் ஒவ்வொரு முறையும் ஒரு அரைத் தாளம் பிந்தி வந்து பதில் சொல்லும். முதல்முறை அதை வாசித்தபோது எனக்குக் கை சிலிர்த்தது. பள்ளியில் படித்ததிலிருந்து நான் வாசித்ததெல்லாம் செத்துப்போனவர்கள் எழுதியது. எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடம் உங்களுக்குச் சரியா வருதா? விரல் எட்டுதா?" என்று கேட்டது அதுதான் முதல்முறை. அந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால்தான் பிற்பாடு வந்த கோபம் அப்படி வந்தது.

மூன்றாம் பகுதியின் நடுவில் ஒரு காகிதம் கிட்டத்தட்ட வெறுமையாக வந்தது. மேலே நாலு சுரம் எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.

"இது என்ன சார்?"

"கடென்ஸா. இங்க ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் நின்னுடும். ஆர்கன் மட்டும் தனியா வாசிக்கணும். பழைய காலத்துல இதை எழுத மாட்டாங்க, வாசிக்கிறவங்களே அங்கேயே கற்பனை பண்ணுவாங்க. நீங்க ஏதாவது பண்ணுங்களேன். உங்க இஷ்டம்."

முதல் நாள் எனக்கு ஒன்றும் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தில் இருப்பதைக் கொஞ்சம் மாற்றி வாசித்தேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை நான் வாசிக்க உட்கார்ந்தபோது கரண்ட் போனது. சர்ச்சுக்குப் பின்னால் வரிசையாகப் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுகள். கரண்ட் போனால் மெஷின்கள் சட்டென்று நிற்பதில்லை. ஒவ்வொன்றும் சுற்றின வேகம் குறைந்து, குரல் இறங்கி இறங்கி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடங்கும். கடைசி மெஷினும் அடங்கியபின் தெருவில் ஒரு அமைதி வரும். திருப்பூரில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த அமைதி அது. காதுக்குள் எதையோ எடுத்துவிட்டதுபோல இருக்கும். கரண்ட் வந்ததும் நான் அதைத்தான் வாசித்தேன். இரண்டு கையாலும் வேறு வேறு வேகத்தில் சுரங்களை இறக்கிக்கொண்டே வந்தேன். நாலைந்து நாள் அதையே வளர்த்தேன்.

ஒருநாள் அப்படி இறங்கி வந்தபோது 'டி' கட்டை மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் மேலே சிக்கியிருந்தன. குனிந்து கையால் தூக்க முடியவில்லை; கால் நுனிக்கும் அது உடனே சிக்கவில்லை. அடிச்சுரம் தனியாகக் கத்தியது. அது கத்துவதற்கு ஏற்றபடி மேலே எதையோ வாசித்துச் சமாளித்து, கடைசியில் ஷூ நுனியால் அதைத் தூக்கிவிட்டேன். சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. கையில் சின்ன ரெக்கார்டர் இருந்தது. அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவை. அந்த டி நிக்கட்டும். உடனே தூக்காதீங்க" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் கிளம்பிப்போனார். அதற்குப் பிறகுதான் முதலாளியின் அறையில் எனக்கு டீ கிடைத்தது.

ஜெர்மன் அம்மா கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார். அறுபது வயது இருக்கும். கெட்ட மனுஷி இல்லை. எனக்குக் கை கொடுத்தார். ஆர்கனை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பது யார் என்று கேட்டார். அவர் வருகிறார் என்றதும் கால்கட்டைக்குப் புது ஸ்பிரிங் வந்துவிட்டது. ஃபிட்டர் அரை மணி நேரத்தில் மாட்டினார். நான் இரண்டு வருடம் கேட்ட ஸ்பிரிங்.

ஒத்திகையில் குழுவோடு எல்லாம் வாசித்தார்கள். மூன்றாம் பகுதியில் கடென்ஸா வந்ததும், திரும்பி வந்திருந்த இசையமைப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "இதை அவங்க தனியா பார்த்துப்பாங்க. நேரா முடிவுக்குப் போயிடலாம்" என்றார். அந்த அம்மாவே தாள்களை மொத்தமாகப் புரட்டினார்; அவர் தனியாகப் பயிற்சி செய்த நேரத்தில் நான் கம்பெனியில் இருந்தேன். குழுவுக்கு அங்கே வேலை இல்லை. எந்த ஒத்திகையிலும் அப்படித்தான் செய்வார்கள். நானும் சந்தேகப்படவில்லை. ஜெர்மன் அம்மா தன் கற்பனையில் ஏதோ வாசிப்பார், அதையாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆசையாகக்கூட இருந்தது.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முன் பெஞ்சுகளில் பையர்கள், ஏற்றுமதிக்காரர்கள். எங்கள் சபை ஜனங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. கமிட்டிச் செயலரான அப்பா வாசலில் நின்று நிகழ்ச்சித் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஆர்கன் பெஞ்சுக்கு இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாசிக்கிறவர் தலையை லேசாக அசைப்பார், நான் எழுந்து தாளைத் திருப்ப வேண்டும்.

முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் போயின. மூன்றாம் பகுதியில் குழு நின்றது. நான் பக்கத்தைத் திருப்பினேன்.

வெறும் பக்கம் இல்லை. பக்கம் முழுக்கச் சுரங்கள். முதல் வரியைப் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மெஷின்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறங்கி வந்தன. நான் வைத்த இடைவெளி, நான் வைத்த வேகம். இடது கையில் எனக்கு எட்டாது என்பதால் ஒரு சுரத்தை விட்டுவிட்டு வாசிப்பேன்; அந்தச் சுரம் அச்சிலும் இல்லை. அந்த அம்மாவின் கை நீளம், அவருக்குத் தாராளமாக எட்டியிருக்கும். நாலு பக்கம். இசையமைப்பாளர் ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்.

மூன்றாம் பக்கத்தில் அந்த 'டி' இருந்தது. மேலே நீட்டல் குறி. 'ஏதோ பழுதானதுபோல, வெகுநேரம்' என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வேறு. புது ஸ்பிரிங் போட்ட கட்டையை அந்த அம்மா அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் தவறைக்கூட எடுத்து அச்சுப் போட்டிருந்தார்கள்.

அந்த அம்மா தலையை அசைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி அசைத்தார். அந்த இரண்டு அசைவுக்கும் நடுவில் நான் என்னவெல்லாமோ நினைத்தேன். இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிடலாம். புத்தகத்தை மூடிவிடலாம். எழுந்து வெளியே போய்விடலாம். ஆனால் என் கை போய்ப் பக்கத்தைத் திருப்பியது. சரியான இடத்தில், சத்தமில்லாமல். கடைசிச் சுரம் அடங்கியபோது முன் பெஞ்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர்களும்தான். அவர்களுக்குத் தெரிந்த சத்தம் அது.

கச்சேரி முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வளாகத்தில் ஷாமியானா போட்டுச் சாப்பாடு வைத்திருந்தார்கள். இசையமைப்பாளர் பையர்களோடு நின்றிருந்தார். நான் நேராகப் போனேன்.

"அந்தக் கடென்ஸா என்னுடையது" என்றேன்.

அவர் சிரித்தார். "பிரமாதமா வந்துச்சு இல்ல? உங்க உதவி இல்லாம முடிஞ்சிருக்காது."

"உதவி இல்லை சார். நான் வாசிச்சதை அப்படியே எழுதியிருக்கீங்க. என்கிட்ட சொல்லவும் இல்லை, தாள்ல என் பேரும் இல்லை."

"பாருங்க, என் தீம் மேலதானே நீங்க வாசிச்சீங்க? ஒரு படைப்பு உருவாகறப்போ பல பேர் பல விதத்துல பங்களிப்பாங்க. அந்த மெஷின்கூடத்தான் பங்களிச்சிருக்கு. மெஷினுக்குப் பேர் போடறோமா?"

"நான் மெஷின் இல்லை" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். ஆனால் பையர்கள் தட்டுகளோடு திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி வேகமாக வந்தார். "ஏனுங்க அம்மிணி, விருந்தாளிங்க முன்னாடி இப்படிச் சத்தம் போடலாமுங்களா? எதுன்னாலும் திங்கக்கிழமை ஆபீஸ்ல பேசிக்கலாமுங்க. போங்க கண்ணு, சாப்புடுங்க."

அப்பா என் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஆண்டவருக்குன்னு வாசிச்சே. இதுல பேரு என்னத்துக்கு? அவிய எவ்வளவு பெரிய ஆளு! நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கமிட்டியில போயி இருப்பேன்?"

"அவரு ஆண்டவருக்கா எழுதுனாரு? அவரு பேரு முன்பக்கத்துல இம்புட்டுப் பெருசா இருக்கே, அதை ஏன் கேக்க மாட்டேங்கீங்க?"

"வாயை மூடுட்டி" என்றார். நான் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை முதலாளி என்னை அறைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் பிரிவில் இருந்த சாம்பிள் டெய்லர் அக்கா மட்டும் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். "உடுங்க கண்ணு. நானும் இருவது வருசமாச் சாம்பிள் தெக்கறேன். எவன் லேபிளோ போட்டு எந்தக் கடையிலயோ தொங்குது. நமக்குப் பழக்கந்தானுங்களே?" நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. "சட்டைக்குச் சம்பளம் வாங்குறோம்க்கா. அளவு கொடுத்துத் தைக்கச் சொல்றாங்க, தைக்கிறோம். இதை யாரும் எனக்கு அளவு கொடுத்துத் தைக்கச் சொல்லலை" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இசையமைப்பாளருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. பிறகு ஜெர்மன் அம்மாவின் முகவரியைத் தேடிப்பிடித்து அவருக்கு எழுதினேன். இடது கையில் விட்டுப்போன சுரம், பழுதான ஸ்பிரிங், எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாளில் பதில் வந்தது. தனக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை என்றும், அந்தச் சுரம் ஏன் இல்லை என்று வாசிக்கும்போதே யோசித்ததாகவும், இசையமைப்பாளரிடம் தானே கேட்கப்போவதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு சாம்பிள் ரேக்குக்குப் பின்னால் நின்று அழுதேன். ஒருவராவது நம்பினார்களே.

அந்த அம்மா கேட்டார். கேட்டதற்குப் பலன் இருந்தது. அடுத்த வருடம் அவர் எனக்கு அந்தக் கான்செர்ட்டோவின் திருத்திய பிரதியை அனுப்பினார். மூன்றாம் பகுதியைப் புரட்டினேன். நாலு பக்கமும் இல்லை. நாலு சுரமும் கீழே ஒரு கோடும் மட்டும் இருந்தன. 'கடென்ஸா: வாசிப்பவர் விருப்பப்படி.' என் பெயரைப் போடுவதைவிட அதை எடுத்தே எறிந்துவிடுவது இசையமைப்பாளருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. வருத்தத்தோடு அந்த அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: தன்னால் இவ்வளவுதான் முடிந்தது என்று.

அதே மாதத்தில்தான் முதலாளி மறுபடி கூப்பிட்டார். புதுப் பையர்கள் வருகிறார்கள். சர்ச்சுக்குக் கூட்டிவந்து ஆர்கனைக் காட்ட வேண்டும். "அந்தக் கரண்ட் போற மாதிரி ஒண்ணு வருமுங்களே அம்மிணி, அதை ஒரு அஞ்சு நிமிசம் வாசிச்சுக் காட்டுங்க. எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசறாங்க."

இந்தமுறை டீயைத் தொடவில்லை. "இல்லீங்க சார். முடியாதுங்க."

"ஏனுங்க?"

"அது என்னுதுன்னு நான் சொன்னப்ப நீங்க என்னைச் சாப்பிடப் போகச் சொன்னீங்க. என்னுதா இருந்தா, வேண்டாம்னு சொல்ற உரிமையும் என்னுதுதானுங்களே."

அவர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. "அந்த ஆர்கன் நான் கொண்டாந்ததுங்க அம்மிணி" என்று மட்டும் சொன்னார். அந்த வார இறுதியில் நான் வேலையை விட்டேன். வீரபாண்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. முதலாளி வருத்தப்படுகிறார், ஆர்கன் வாசிக்கிற பெண் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறு வாசிப்புக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று பேச்சு எழுந்ததாம். எனக்கு அழைப்பில்லை. நடந்ததைப் போதகரின் மனைவிதான் பிற்பாடு சொன்னார். செயலர் என்பதால் அந்த முடிவை அப்பா எழுத வேண்டும். அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எழுந்தாராம்.

"எம் பிள்ளை மன்னிப்புக் கேக்க மாட்டா. நான் எழுத மாட்டேன். வேற ஆளு பாக்கணும்னா செயலருக்கும் சேத்துப் பாத்துக்கிடுங்க."

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சோறு இருக்கா?" என்றார். தட்டு வைத்தேன். என் மேல் அவருக்குக் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. எனக்கும் அவர் மேல் ஷாமியானா வாசலில் என் கையைப் பிடித்து இழுத்த கோபம் தீரவில்லை. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்புச் சட்டியை அவர் என் பக்கம் நகர்த்தினார். நான் ஊற்றிக்கொண்டேன்.